பச்சை வெளிச்சத்தில் தீட்டிய முகங்கள்

அந்த மாடி வீட்டைப் பற்றிச் சொல்வதென்றால் பச்சை வலை வந்து இறங்கிய காலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெளிச்சுவரில் காரை பெயர்ந்து விழுகிறதென்று கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். யார் தலையிலும் கல் விழுந்துவிடக் கூடாதே என்று மொட்டைமாடியிலிருந்து தரைவரைக்கும் வலையைத் தொங்கவிட்டார்கள். மற்ற வீடுகளுக்கு இரண்டு பக்கம் சன்னல் உண்டு. இவர்களுக்கு இருந்ததே தெருவைப் பார்த்த ஒரு சன்னல். அதுவும் அன்றைக்கு மூடிக்கொண்டது. வெளிச்சம் வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. பாசி பிடித்த தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல வந்தது.

"எத்தனை நாளைக்குங்க இது?" என்று அவள் கேட்டாள்.

"சுவரு முடியற வரைக்கும்" என்றான் கணவன்.

"சுவரு எப்ப முடியும்?"

"அதை அவங்ககிட்டத்தான் கேக்கணும். அவங்களக் கேட்டா சிமெண்டைக் கேளுன்னுவாங்க."

வீட்டில் மூன்று பேர். கணவன் வாழ்த்து அட்டைகளுக்கு அச்சுக் குத்துகிறவன். மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் அச்சை ஸ்டாம்ப் பேடில் தட்டி, கெட்டி அட்டையில் வைத்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து. அசைக்காமல் நேராகத் தூக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் அட்டையில் இருப்பவருக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். அந்தக் கோட்டுப் படத்தில் மை காய்ந்த பிறகு நிறம் தீட்டுவது மனைவியின் வேலை. உடுப்புக்கும் பூவுக்கும் யார் வேண்டுமானாலும் நிறம் போடலாம். அவளுக்குப் பேர் வந்தது முகத்தினால்.

கடையில் 'தோல் நிறம்' என்று பேர் ஒட்டி ஒரு குப்பி விற்கும். அதை அவள் தொடுவதில்லை. "இது யாரோட தோலு? மெழுகு பொம்மையோடதா?" என்பாள். வேலை இல்லாத நேரமெல்லாம் சன்னலில் நின்று கீழே போகிறவர்களைப் பார்ப்பாள். பார்த்ததைக் குழித்தட்டில் கலப்பாள். கலவைகளுக்கு அந்த ஆட்களின் பேர்தான். தபால்காரர் என்றால் வெயில் ஏறிய செம்பு. மருந்துக்கடைக்காரர் என்றால் நாளெல்லாம் நிழலில் நின்று வெளுத்த மஞ்சள். துணி தேய்க்கிற அம்மா நல்ல கறுப்பு. அந்தக் கறுப்புக்கு அவள் கறுப்பு மையைச் சேர்க்கவே மாட்டாள். சேர்த்தால் முகம் சாம்பல் பூத்துச் செத்துப்போகும். காவியில் நீலத்தையும் ஆழ்ந்த சிவப்பையும் விட்டு ஒரு பூச்சு, அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் முதல் பூச்சோடு நிறுத்திவிடுவாள். அங்கே வெளிச்சம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"தபால்காரர் தீர்ந்துட்டாரு. கொஞ்சம் கலக்கிட்டு வரேன், இருங்க" என்று அவள் சொல்வதைப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால் பயந்துபோவார்கள்.

மூன்றாவது ஆள் மாமனார். சலூன் வைத்திருந்தவர். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, சுவரோரக் கட்டிலில் கிடந்தார். வாய் மட்டும் விழவில்லை. கட்டிலில் தலையணையை உயர்த்தி வைத்தால் அவள் மேசை அவருக்குத் தெரியும்.

"ஏம்மா, அந்த ஆளுக்குத் தாடையில நீலம் வெக்கலையா?"

"நீலமா? எதுக்கு மாமா?"

"மழமழன்னு சவரம் பண்ணின முகமாச்சே. கறுப்பு தாடிக்காரன் சவரம் பண்ணினா தாடை ஒரு மாதிரி நீலமாத்தான் நிக்கும். கன்னத்துக்குப் போன வெயிலு தாடைக்குப் போயிருக்காதுல்ல."

அவள் தூரிகை நுனியால் ஒரு தொடு தொட்டாள். "இப்ப?"

"இப்பப் பொண்ணு பாக்கப் போலாம்."

அச்சுக் குத்திக்கொண்டிருந்த மகன் திரும்பாமலே சொன்னான்: "அட்டைல இருக்கறவனுக்குச் சவரம் பண்ணியாச்சு. உங்க மூஞ்சி முள்ளம்பன்றி மாதிரி இருக்கு."

"நீ ஒரு சலூன்காரன் மகன். வந்து சிரைச்சு விடேன்."

மகன் சிரித்து மழுப்பினான். அவனுக்கு அந்தத் தொழில் வரவில்லை. இளவயதில் அப்பா கடையில் நிறுத்திப் பார்த்தார். அடுத்தவர் கழுத்தில் கை வைத்தால் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வரும். கெட்டவன் இல்லை பாருங்கள், உடம்பு அப்படி. அப்பா விழுந்த புதிதில் ஒரு முறை பெட்பேன் வைக்கப் போனான். பாதியில் முகத்தைத் திருப்பி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். அந்த முகத்தைக் கிழவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவரைப் புரட்டுவது, துடைப்பது, கழுவுவது, சவரம் செய்வது எல்லாம் மருமகள் கைதான். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அதுவாகவே அப்படி ஆகிவிட்டது. அதுவாக ஆகிவிடுகிற விஷயங்களை அப்புறம் யாராலும் அசைக்க முடிவதில்லை.

அவளும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. காலையில் அவரைச் சுத்தம் செய்து கஞ்சி கொடுத்துவிட்டு மேசைக்கு வருவாள். இரண்டு முகம் தீட்டுவதற்குள் கூப்பிடுவார். எழுந்து போய்விட்டு வந்தால் தட்டில் கலவை காய்ந்திருக்கும். மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பாள். வெளியே போவதென்றால் கீழே கடைக்கு உப்பு வாங்கப் போவதுதான். மற்றபடி உலகம் சன்னலில் இருந்தது. வலை விழுந்தபோது போனது அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் பிரசவ ஆஸ்பத்திரி வேலை வந்தது. அங்கே குழந்தை பெற்று வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு தாய்க்கும் கையால் செய்த ஒரு வாழ்த்து அட்டை கொடுப்பார்களாம். குழந்தையை நெஞ்சோடு அணைத்த ஒரு அம்மாவின் படம். இவர்களுக்கு வேலை கொடுக்கிற அட்டைக் கடைக்காரம்மா அச்சைக் கொண்டுவந்து கொடுத்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உன் வீட்டுப் படி ஏறுறதுக்கு நானே ஒரு பிள்ளையைப் பெத்துடலாம் போலிருக்கு. இந்தா பாரு, ஒரே மாதிரி அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அங்க எல்லா நிறத்திலயும் ஆளுங்க வராங்க. போன தடவை யாரோ எல்லா அம்மாவுக்கும் ஒரே வெளுப்புப் பூசிக் குடுத்திருக்காங்க. ஒரு பொண்ணு அதைப் பாத்துட்டு, 'இது யாரோட கார்டு, மாத்திக் குடுத்துட்டீங்களா'ன்னு கேட்டாளாம்."

"ஐயோ பாவம்."

"அதான் உன்கிட்ட வந்தேன். கைக்குழந்தை வேற. அது என்ன நிறத்துல இருக்கும்னு உனக்குத்தான் தெரியும்."

அவள் ஆசை ஆசையாகத் தீட்டினாள். ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு நிறம். பிள்ளைக்கு அம்மாவைவிட ஒரு படி இளநிறம், உள்ளங்கையில் மட்டும் ரோஜா. மாமனார் கட்டிலில் இருந்தபடி, "இவ அசல் நம்ம தெருக்கோடி டீச்சரு" என்று அடையாளம் சொன்னார். கணவன் காய்ந்ததையெல்லாம் அடுக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனான்.

போன வேகத்தில் கட்டோடு திரும்பி வந்தான். முகம் சரியில்லை.

"என்னாச்சுங்க?"

"வா, வெளிய வா. வாசல்ல வெச்சுப் பாரு."

கட்டடத்துக்கு வெளியே, வலைக்கு அப்பால், நல்ல வெயிலில் கட்டைப் பிரித்துக் காட்டினான். அத்தனை அம்மாக்களும் செக்கச்செவேலென்று தகதகத்தார்கள். கறுத்தவள் செங்கல் போல, மாநிறத்தவள் சுட்ட கிழங்கு போல, பிள்ளைகள் கொதிநீரில் முக்கி எடுத்தது போல.

"ஆஸ்பத்திரி அம்மா என்ன சொல்லிச்சு தெரியுமா? 'எல்லாத் தாய்க்கும் காய்ச்சல் அடிக்குதே, இவங்கள எப்படி வீட்டுக்கு அனுப்புறது'ன்னு கேட்டுச்சு" என்றான் அவன். சிரிப்பதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். பச்சை வெளிச்சத்தில் எந்த முகமும் சோகை பிடித்தது போலத் தெரியும். முகம் எப்படி இருக்க வேண்டும் என்பது அவள் கண்ணுக்குப் பாடம். அந்தச் சோகையைப் போக்க, அறியாமலே ஒவ்வொரு கலவையிலும் சிவப்பைக் கூட்டிக் கூட்டி விட்டிருக்கிறாள். வலை விழுந்த முதல் நாள் என்றால் உஷாராக இருந்திருப்பாள். இதற்குள் மூன்று பேருக்கும் அந்தப் பச்சை பழகி, அது இருப்பதே மறந்துபோயிருந்தது. காகிதத்தில் ஊறிய நிறத்தைக் குறைக்கவும் முடியாது. கருமையாக்கலாம், வெளுக்க வைக்க முடியாது. அத்தனையும் முதலிலிருந்து.

"அந்த வீட்ல இருந்து போடாத" என்றார் கடைக்காரம்மா. "என் கடைல கண்ணாடி ஓரமா மேசை போட்டுத் தரேன். அங்க வந்து போடு."

கணவன் தலையாட்டினான். "இந்த வேலை முடியற வரைக்கும் போயிட்டு வா. அப்பாவை நான் பாத்துக்கறேன். நானும் வீட்லதான இருக்கேன்."

காலையில் எல்லாம் செய்து முடித்து, கட்டிலோரம் கூஜா நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு அவள் கிளம்பினாள். தெருவில் நடந்தபோது பை தோளில் இருந்தும் எதையோ வீட்டில் விட்டுவிட்டு வந்தது போலவே இருந்தது. கை காலியாக இருந்ததுதான் காரணம். கொஞ்ச தூரத்தில் அது சரியாகிவிட்டது.

கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. சன்னலில் நின்று உச்சந்தலைகளைப் பார்த்தவளுக்கு இப்போது முகங்கள் முழம் தூரத்தில் வந்தன. அட்டை வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர், "எனக்கு இன்னும் கொஞ்சம் கலரு போடும்மா, கல்யாணம் ஆகல" என்று தன் மொட்டைத் தலையைத் தடவிக் காட்டினார்.

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் வெகுநேரம் தயங்கி நின்றாள். நல்ல கறுப்பு அவள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? இவ என் நிறமும் இல்ல, அவங்கப்பா நிறமும் இல்ல. அவரு ரொம்ப வெளுப்பு. போறவங்க வரவங்கல்லாம், 'பிள்ளையப் பாத்துக்கற பொண்ணா நீ'ன்னு கேக்கறாங்க. நாங்க மூணு பேரும் ஒரே வீடுன்னு தெரியற மாதிரி போட முடியுமா?"

"கையைக் குடும்மா."

அந்தக் கையையும் பிள்ளையின் கையையும் சேர்த்துக் கண்ணாடியோரம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் மணிக்கட்டுக்கு உள்புறம், வெயில் படாத இடத்தில், தோலுக்கடியில் ஒரு காவி இருந்தது. பிள்ளையின் முழங்கை மடிப்பிலும் அதே காவி. அதை அடிப்பூச்சாக மூன்று முகத்துக்கும் ஓட்டிவிட்டு, அதன்மேல் ஆளுக்கொரு நிறமாக ஏற்றினாள். மூன்று நிறம்தான், ஆனால் ஒரே வீடு. அந்தப் பெண் அட்டையை வாங்கிப் பிள்ளைக்குக் காட்டினாள். பிள்ளையின் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனாள்.

"பாத்தியா? வலை எடுத்தாலும் நீ இங்கயே உக்காரு" என்றார் கடைக்காரம்மா. "இது உன் இடம். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க என்ன இருக்கிறது? வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு வேகமாக நடக்க வேண்டும் போலிருந்தது.

கட்டிலோரம் கூஜா அவள் வைத்தது வைத்தபடி இருந்தது. மாமனாரின் உதடு வெடித்து வெள்ளையாகத் தோலுரிந்திருந்தது.

"தண்ணி குடிக்கலையா மாமா?"

"தாகம் இல்லம்மா. வலைக்குள்ள ஜில்லுன்னு இருக்கு."

மறுநாளும் கூஜா அப்படியே. அதற்கடுத்த நாளும். அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "வந்துட்டியா, கொஞ்சம் வெச்சு விடு" என்பார் பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு சாயங்காலம் பெட்பேனைப் பார்த்தாள். சொட்டுச் சொட்டாக, கடுங்காப்பி நிறத்தில். அவருக்குக் கண்ணோரம் நீர் கட்டியது, அந்த எரிச்சலில். அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று பட்டது. குடித்தால்தானே கூப்பிட வேண்டும்! கூப்பிட்டால் மகன் வர வேண்டும். அதற்காகவே நாளெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

கணவனைச் சமையல் அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னங்க இது?"

"நான் கேட்டேன். வேணாம்னாரு. வேணாங்கற மனுசன் வாயில ஊத்தவா முடியும்?"

"ஏன் வேணாங்கறாருன்னு தெரியலையா உங்களுக்கு?"

"அவருக்குக் கூச்சம்."

"அவருக்கா, உங்களுக்கா?"

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு வராதுன்னு உனக்குத் தெரியாதா? நான் என்ன வேணும்னா செய்யறேன்? தொட்டாலே வயிறு புரட்டுது. அவரு முன்னாடி மறுபடியும் அப்படி ஓடிட்டா, அப்புறம் நான் எப்படி அவரு மூஞ்சில முழிப்பேன், சொல்லு."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லாததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வேலை முடிந்தது. மறுநாள் அவன் தோளில் ஒரு பெரிய பெட்டியோடு வந்தான். குழந்தை போல முகமெல்லாம் பூரிப்பு. அவள் மேசைக்கு மேலே ஆணி அடித்து, கம்பி கட்டி, ஒரு நீள விளக்கைத் தொங்கவிட்டுச் சுவிட்சைத் தட்டினான். வெள்ளை வெளேரென்று பகல் வந்து மேசைமேல் விழுந்தது.

"படம் வரையறவங்க வெச்சிருக்கற விளக்கு. அலையா அலைஞ்சு கண்டுபிடிச்சேன். வெயிலும் இதுவும் ஒண்ணுதானாம். நிறம் ஒரு துளி மாறாது. இனிமே நீ அங்க நடக்க வேணாம், வெயில்ல வாட வேணாம். எல்லாம் இங்கயே. எப்படி இருக்கு?"

அவள் தூரிகையை எடுத்து ஒரு துண்டு அட்டையில் இழுத்துப் பார்த்தாள். உண்மைதான், நிறம் மாறவில்லை. இனி வீட்டை விட்டுப் போவதற்கு அவள் கையில் ஒரு காரணமும் மிச்சமில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"முகத்தைப் பாத்தா அப்படித் தெரியலையே."

"நல்லா இருக்குங்க. நிஜமா."

கட்டிலில் இருந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்புறம் பழைய மாதிரியே நாட்கள் போயின. காலையில் துடைத்து, கஞ்சி கொடுத்து, விளக்கைப் போட்டு உட்காருவாள். கூப்பிட்டால் எழுந்து போவாள். அவர் மறுபடி நன்றாகத் தண்ணீர் குடித்தார், உதடு ஆறியது. சாரத்தில் நிற்கிறவர்கள் கரண்டியால் சுவரைச் சுரண்டும் சத்தம் நாளெல்லாம் கேட்கும். ஒருவர் நிழலும் தெளிவாகத் தெரியாது. கடைக்காரம்மா சொல்லியனுப்பினார்: "அந்தப் பிள்ளைக்காரி இன்னொரு அட்டைக்கு வந்து உன்னைத் தேடிட்டுப் போனா. மேசையைக் காலியாவே வெச்சிருக்கேன். எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது." அவள் கேட்டுக்கொண்டாள். பதில் எதுவும் சொல்லியனுப்பவில்லை. தட்டில் தபால்காரர் காய்ந்துபோனார். தண்ணீர் விட்டுக் குழைக்கத் தோன்றவில்லை.

ஒரு காலை மாமனார் தலையைத் தூக்கி அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"ஏம்மா, இது யாரு?"

"யாரும் இல்ல மாமா. சும்மா."

"அதான் கேட்டேன். யாரும் இல்லாத மாதிரியேதான் இருக்கு."

அவள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிசகாத மாநிறம், சரியான நிழல். நேற்றுத் தீட்டியதும் இதே முகம். முந்தாநாள் தீட்டியதும்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அவர். "வெள்ளை விளக்கு வந்ததுல இருந்து நீ ஒரே ஆளையே போட்டுக்கிட்டிருக்க." பிறகு, "தண்ணி குடு" என்றார்.

டம்ளரில் கொடுத்தாள். மூச்சு விடாமல் குடித்தார்.

"இன்னொண்ணு."

குடித்தார். தாடையில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள்.

"இன்னும் ஊத்து."

"மாமா, இவ்வளவு குடிச்சா இன்னும் கொஞ்ச நேரத்துல..."

"தெரியும். ஊத்து." அதையும் குடித்து முடித்தார். "இப்பப் பையை எடு. கிளம்பு கடைக்கு."

அச்சுக் குத்திக்கொண்டிருந்த மகனின் கை நின்றது. "அப்பா..."

"உன்னை ஒண்ணும் கேக்கல. நீ போயி கையைக் கழுவிட்டு வா. மைக் கையோட என்னைத் தொடாத."

"எனக்கு வராதுப்பா."

"எனக்கு மட்டும் பிறக்கும்போதே வந்துச்சா? நான் தொழிலுக்குப் போன முதல் நாளு ஒரு ஆளுக்குக் காதோரம் சீழ் வெச்சிருந்துச்சு. வெளிய போயி வாந்தி எடுத்துட்டு வந்து மிச்சத் தலையை வெட்டினேன். அவரு ஒண்ணும் சொல்லல, அப்படியே உக்காந்திருந்தாரு. நீயும் ஓடு, வாந்தி எடு, எனக்கு ஒண்ணும் இல்ல. திரும்பி வந்துடு, அவ்வளவுதான்." பிறகு மருமகளைப் பார்த்து, "நீ இருந்தா இவன் வரமாட்டான். நீ இருந்தா நானும் இவனைக் கூப்பிட மாட்டேன். போம்மா" என்றார்.

அவர் முகத்தில் எந்தத் தைரியமும் இல்லை. வாசலில் கை கழுவப் போன கணவனின் முதுகும் அப்படித்தான் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்துவிட்டு இறங்கினாள்.

முதல் திருப்பத்தைத் தாண்டிக் கால் போகவில்லை. படிக்கட்டு முழுக்கப் பச்சையாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவாடா! உன் அப்பன்டா நானு, மூட்டை இல்ல."

"அசையாதீங்க... அசையாதீங்கப்பா."

"அசையறதுக்கு எனக்கு எங்கடா இருக்கு?"

கட்டில் கிரீச்சிட்டது. பாத்திரம் தரையில் உரசியது. பிறகு ஓங்கரிக்கும் சத்தம், யாரோ ஓடுகிற சத்தம், குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம். அவள் ஒரு படி மேலே ஏறிவிட்டாள். இன்னொரு படிக்குக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். மேலே யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

குழாய் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் காலடி கேட்டது. ஈரக்கால், தயங்கித் தயங்கி, கட்டில் இருக்கும் பக்கமாகப் போயிற்று.

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.